ஏழாம் நம்பர் காலர்

ஏப்ரல் 28, திங்கள்

ஏழாம் நம்பர் ஜெர்சியின் காலர் கடிபட்டிருக்கிறது. முதலில் எலி என்று நினைத்தேன். வாளியில் ஊறப் போடும்போது உற்றுப் பார்த்தால், வலது நுனியில் சின்னச் சின்னதாகப் பல்தடம். எலிக்கு இவ்வளவு வரிசையான பல் கிடையாது.

நேற்று ஏழாம் நம்பர் போட்டு ஆடியவள் ஆன்சி. எங்கள் தெருவில் மூன்றாவது வீடு. பிளஸ் டூ எழுதிவிட்டு ரிசல்ட்டுக்காகக் காத்திருக்கிறாள். அவள் பல்லைப் பற்றி எனக்குத் தெரியும், நன்றாக வரிசையாக இருக்கும்.

பதினான்கு ஜெர்சியையும் துவைப்பது, தண்ணீர் பாட்டில் நிரப்புவது, மீன் பெட்டியில் ஐஸ் கொண்டுபோவது எல்லாம் என் வேலை. கால் சுளுக்கியவர்கள் அந்த ஐஸை வைத்துக்கொண்டால் மூன்று நாள் அயிலை மீன் வாடை அடிக்கும். யாரும் குறை சொல்வதில்லை. எங்கள் ஊரில் எல்லோருக்கும் அந்த வாடைதான்.

இது தையலுக்கு அளவு எழுத வாங்கிய நோட்டு. இதுவரை இரண்டு பேர்தான் அளவு கொடுத்திருக்கிறார்கள். மிச்சப் பக்கம் வீணாகப் போக வேண்டாமென்று எழுதுகிறேன். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டேன். பஸ் சரியாக வராது.

ஏப்ரல் 30, புதன்

நூல் வாங்க எட்டேகால் பஸ்ஸில் போனேன். எட்டேகாலுக்கே வந்தது.

மே 2, வெள்ளி

அப்பாதான் கோச். விடிவதற்கு முன் வள்ளத்தில் கடலுக்குப் போய் மதியம் திரும்புவார். சாயங்காலம் கடற்கரை மைதானத்தில் பெண்பிள்ளைகளுக்குக் கால்பந்து பழக்குவார். வீட்டில் அவருக்குச் சத்தமே கிடையாது. குழம்பில் உப்பு குறைந்தால்கூடக் கேட்க மாட்டார், உப்பு டப்பாவைப் பார்த்துக்கொண்டே இருப்பார். அம்மா எடுத்துக் கொடுத்தால் உண்டு.

கோட்டுக்கு வெளியே அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுவிட்டால் வேறு ஆள். மைதானத்துக்கு ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் குருசடி, அந்தோணியாரின் சின்னக் கோயில். அந்தோணியார் பார்வையில் இருக்க வேண்டுமென்று அப்பா நாற்காலியைக் குருசடி பக்கம்தான் போடுவார். போட்டது தெரியும், உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

இன்று பயிற்சியில் கவனித்தேன். ஆன்சி வலது ஓரம் ஆடுகிறவள். முதல் பாதியில் குருசடி பக்கம் ஓடுகிறாள், அதாவது அப்பாவின் வாய்க்கு நேர் கீழே. பாதி முடிந்து பக்கம் மாறினால் கடல் பக்கம். குருசடி பக்கம் இருக்கும்போது காலர் அவள் வாயில் இருக்கிறது. கடல் பக்கம் போனால் கழுத்தில் இருக்கிறது.

மே 4, ஞாயிறு

ஊர்களுக்கு இடையிலான கோப்பையில் இன்று காலிறுதி. கிளம்பும் முன் அம்மா சொன்னாள்: “அந்த மனுசன் வாயில எதையாவது போட்டு அடைட்டி. வீட்டுல நாலு வார்த்த பேசாத ஆளு, அங்க போயி எனக்க மானத்த வாங்குகாரு. அந்தோணியாரே ஒரு நாளு காதப் பொத்திக்கிடுவாரு பாத்துக்க.”

நான் யோசித்து, அரைப் படி கடலை அவித்து எடுத்துப் போனேன். வாய் நிறைய இருந்தால் கத்த முடியாது என்பது என் எண்ணம். அது தப்பு. வாய் நிறைய இருந்தாலும் கத்தலாம்.

“ஏட்டி ஏழு! பந்தக் குடு! குடுக்காதட்டி! சவமே, ஏன் குடுக்கல்ல?”

இப்படி ஒரே மூச்சில் சொன்னபோது, வாயிலிருந்த கடலையில் பாதி முன்னால் நின்ற லைன்ஸ்மேனின் பின்கழுத்தில் போய் விழுந்தது. அவர் துள்ளியதில் கையிலிருந்த கொடி மேலே போய்விட்டது. சரியாக அந்த நேரத்தில் எதிரணி கோல் அடித்திருந்தது. ரெஃப்ரி கொடியைப் பார்த்து ஆஃப்சைடு என்று விசில் ஊதிவிட்டார். லைன்ஸ்மேன் கழுத்தைத் துடைத்துக்கொண்டே ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டார். ஒன்றுக்குப் பூஜ்யம் என்று ஜெயித்தோம்.

அப்பா அடுத்த ஞாயிறும் கடலை வேண்டும் என்கிறார். ராசியாம்.

நோட்டைக் கொண்டுபோயிருந்தேன். குருசடி பக்கம்: ஆன்சிக்குப் பந்து வந்தது பதினொன்று, தவறவிட்டது ஒன்பது. கடல் பக்கம்: வந்தது பத்து, தவறவிட்டது இரண்டு. அப்பா கத்தியதை நாற்பதுவரை எண்ணினேன். பிறகு இரண்டு கத்தலுக்கு நடுவில் இடைவெளி இல்லாததால் விட்டுவிட்டேன்.

மே 8, வியாழன்

ஆன்சி பாஸ். மிட்டாய் கொண்டுவந்தாள். ஜெர்சி மடித்துக்கொண்டிருந்த நான் காலரை எடுத்துக் காட்டினேன். அவளுக்கு முகம் சிவந்துவிட்டது.

“கோச்சு கத்துனா எனக்க காலு எனக்கது இல்லன்னு ஆவுதுட்டி சுஜிலா. பந்து எங்க வருகுன்னு பாக்கதுக்குப் பதிலா, சத்தம் எப்ப வருகுன்னு பாத்துட்டு நிக்கேன். வாயில எதாவது கடிச்சிட்டு இருந்தா கொஞ்சம் நிக்க முடியுது.”

“எல்லாருக்குமா?”

“டெல்பின் அக்காக்கு அது தாலாட்டு. கோச்சு சத்தம் கேக்கல்லன்னா கோல் போஸ்ட்டுல தூங்கிருவேன்னு சொல்லுகா.”

டெல்பின் அக்கா எங்கள் கோல்கீப்பர், கேப்டனும் அவள்தான். அவள் பேசினால் பக்கத்து ஊருக்குக் கேட்கும்.

போகும்போது ஆன்சி கேட்டாள்: “நீ நல்லாத்தானே படிச்ச? ஏன்டி நிறுத்துன?”

காலையில் தலைவலி வரும் என்றேன். 

மே 10, சனி

அப்பாவுக்குத் தொண்டை போய்விட்டது. காற்றுதான் வருகிறது. ஐந்து நாள் வாயைத் திறக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அம்மா குருசடியில் இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றினாள். குணமாக வேண்டுமென்றா, ஆகக் கூடாதென்றா என்று நான் கேட்கவில்லை.

மே 11, ஞாயிறு

அரையிறுதி. இப்படி ஓர் ஆட்டத்தை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

அப்பா பேச முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நிஜமாகவே உட்கார்ந்திருந்தார். அலையின் சத்தம் மைதானத்துக்குக் கேட்டது. ஆன்சி குருசடி பக்கம் இருந்தபடியே முதல் பாதியில் மூன்று கோல் அடித்தாள். காலரில் ஈரம்கூட இல்லை. பந்து வந்தது பதிமூன்று, தவறவிட்டது ஒன்று. அந்த ஒன்றும் நாய் குறுக்கே வந்ததால்.

இரண்டாம் பாதியில் அப்பாவால் பொறுக்க முடியவில்லை. பின்வரிசை ஆட்டக்காரிகளை மேலே ஏறச் சொல்ல நினைத்து, தோளில் கிடந்த துண்டை உருவித் தலைக்கு மேல் சுழற்றினார்.

எங்கள் ஊரில் கரையில் நின்று துண்டைச் சுழற்றினால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: மீன் கூட்டம் இங்கே, எல்லோரும் ஓடிவா. நடக்கத் தெரியாத குழந்தைகூடத் துண்டைக் கண்டால் அந்தப் பக்கம் தவழும். பதினொரு பேரும் பந்தை விட்டுவிட்டு அப்பாவைப் பார்த்து ஓடிவந்தார்கள். டெல்பின் அக்கா கோல் போஸ்ட்டை விட்டு ஓடிவந்தாள். பெஞ்சில் இருந்த மூன்று பேரும் எழுந்தார்கள். நானும் ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நாலடி ஓடியிருந்தேன்.

எதிரணி கடற்கரை இல்லாத உள்நாட்டு ஊர்ப் பிள்ளைகள், அவர்களுக்குத் துண்டு தெரியாது. கொஞ்ச நேரம் திகைத்து நின்றுவிட்டு, ஆளில்லாத கோலில் பந்தை மெதுவாக உருட்டி விட்டார்கள்.

“மீன் எங்க கோச்சே?” என்று டெல்பின் அக்கா மூச்சிரைக்கக் கேட்டாள்.

அப்பா துண்டை மடித்து அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டார். மூன்றுக்கு ஒன்று. இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டோம்.

மே 14, புதன்

அப்பாவுக்குத் தொண்டை சரியாகிவிட்டது. சோதித்துப் பார்க்க முற்றத்தில் நின்று ஒரு முறை கூப்பிட்டார். நான்கு வீட்டிலிருந்து ஆள் வந்தது.

ஞாயிறு இறுதி ஆட்டத்துக்கு நாகர்கோவிலிலிருந்து ஒரு கல்லூரியின் உடற்கல்வி மேடம் வருகிறார். ஆன்சியைப் பார்க்க மட்டும். நன்றாக ஆடினால் விளையாட்டு ஒதுக்கீட்டில் சீட், ஹாஸ்டலும் இலவசம். இல்லாவிட்டால் ஆன்சி அவள் சித்தியோடு குஜராத்துக்கு இறால் உரிக்கப் போக வேண்டும். இருபத்திரண்டாம் தேதிக்கு டிக்கெட் எடுத்தாயிற்று. மேடத்துக்கு வேறொரு இடத்திலும் ஆட்டம் பார்க்க வேண்டியிருக்கிறது, இடைவேளைவரைதான் இருப்பாராம்.

இடைவேளைவரை ஆன்சி குருசடி பக்கம்தான். காற்று முதுகில் இருக்க வேண்டுமென்று அப்பா முதல் பாதிக்கு எப்போதும் அந்தக் கோலைத்தான் எடுக்கச் சொல்வார். டெல்பின் அக்கா டாஸில் தோற்றதே இல்லை. வேறு பக்கம் எடு என்று அவளிடம் சொல்லலாம். ஏன் என்று அவள் கேட்பாள், ஊருக்கே கேட்கும்படி கேட்பாள். நான் பதில் சொல்ல வேண்டும்.

அப்பாவிடமே சொல்லலாம். இரண்டு முறை கிட்டே போனேன். முதல் முறை தண்ணீர் வேண்டுமா என்று கேட்டுவிட்டு வந்தேன். இரண்டாம் முறையும் தண்ணீர் வேண்டுமா என்றே கேட்டேன். குடித்தார், பாவம்.

பஸ் சரியாகத்தான் வருகிறது. தலைவலியும் கிடையாது. கணக்கு வாத்தியார் கத்துவார். கரும்பலகைக்கு முன்னால் நிற்பேன், சாக்பீஸ் கையில் இருக்கும், விடையும் தெரியும். பின்னாலிருந்து சத்தம் எப்போது வரும் என்று காது மட்டும் வேலை செய்யும். கை எனக்குரியது இல்லை என்று ஆகிவிடும். ஒரு நாள் ஏழும் எட்டும் எவ்வளவு என்று கேட்டார். அதற்கும் நின்றேன். வகுப்பு சிரித்தது. மறுநாள் பஸ் வந்தது, நான் ஏறவில்லை.

பதினைந்து.

மே 15, வியாழன்

பேச வராது, சரி. எண்ணியதைக் காட்டலாமே. மே 4, மே 11 பக்கங்களுக்கு நடுவே நீல நூல் வைத்திருக்கிறேன். சாயங்காலம் நோட்டை அப்பாவின் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு அடுக்களைக்குள் போய்விடுவேன். நூல் வைத்த இடத்தை மட்டும் பார்த்தால் போதும்.

மே 17, சனி

நோட்டு இன்றுதான் திரும்பக் கிடைத்தது.

அப்பா எதையும் முதல் பக்கத்திலிருந்துதான் படிப்பார் என்பதை மறந்துவிட்டேன். மிக்ஸி வாங்கியபோது கூட வந்த புத்தகத்தையே இந்தியிலும் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று புரட்டிப் பார்த்தவர். நூலை எடுத்துக் காதில் செருகிக்கொண்டு, முதல் பக்கத்தில் இருந்த இரண்டு பேரின் ஜாக்கெட் அளவிலிருந்து ஆரம்பித்துவிட்டார். மூன்று நாளாக, சாயங்காலம் கொஞ்சம், மதியம் வலை உலர்த்தும்போது கொஞ்சம். நான் அவர் கண்ணில் படாமல் கோழிக் கூண்டுப் பக்கமே இருந்தேன்.

இன்று மதியம் கூப்பிட்டு நோட்டைக் கொடுத்தார்.

“கடலைக்கி அதுதானா காரணம்?”

தலையாட்டினேன்.

கொஞ்ச நேரம் உப்பு டப்பாவைப் பார்த்தார். சாப்பாடு ஏற்கெனவே முடிந்திருந்தது.

“அந்த வாத்தியாருக்க சத்தம், எனக்க சத்தத்தவிட பெருசா மக்கா?”

“இல்லப்பா. சின்னது.”

“சின்னதுக்கே அப்பிடியா” என்றார். பிறகு, “கடல்ல பத்து மட்டம் கூப்பிட்டா ஒரு மட்டந்தான் காதுல விழும். அப்பிடியே பழகிப் போச்சு” என்றார். என்னிடம் சொன்னாரா, டப்பாவிடம் சொன்னாரா தெரியவில்லை. நூலைத் திருப்பித் தர மறந்துவிட்டார். தூங்கப் போகும்போதும் காதிலேயே இருந்தது.

மே 18, ஞாயிறு

மேடம் நான்கு மணிக்கே வந்துவிட்டார். அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் அவருக்கு ஒரு நாற்காலி போட்டேன். கையில் பேனாவும் அட்டையும் வைத்திருந்தார். அப்பா வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். உட்கார்ந்து இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். கடலை வேண்டாம் என்று தலையாட்டினார்.

ரெஃப்ரி விசில் ஊதினார். அப்பா கத்தவில்லை.

எல்லாம் சரியாகப் போகுமென்று நினைத்தேன். அதுவும் தப்பு. போன வாரம் அப்பாவுக்குத் தொண்டை இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். இந்த வாரம் தொண்டை சரியாகிவிட்டதும் ஊருக்கே தெரியும். இருந்தும் சத்தம் வரவில்லை என்றால் என்ன அர்த்தம்? ஐந்தாம் நிமிடத்திலிருந்து பெண்கள் பந்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு அப்பாவைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

“கோச்சுக்கு நெஞ்சு வலியா?” என்று நடுவில் ஆடுகிறவள் ஓடுகிற ஓட்டத்தில் கேட்டுவிட்டுப் போனாள்.

“கோச்சே! உயிரோட இருக்கியளா?” என்று டெல்பின் அக்கா கோல் போஸ்ட்டிலிருந்து கூவினாள். பதிலுக்காகக் காதில் கை வைத்துக் காத்திருந்தாள். அந்த நேரத்தில் அவளுடைய இன்னொரு பக்கமாகப் பந்து உள்ளே போனது.

ஆன்சியும் அதே மாதிரிதான். அவளுக்கு இரண்டு மடங்கு பயம். சத்தம் எப்போது வரும் என்று காத்திருக்கிறாள், அது வரவே இல்லை. பந்து வந்தது ஆறு, தவறவிட்டது ஐந்து. மேடம் பேனாவை மூடிவிட்டார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

இருபத்தோராம் நிமிடம் அப்பா எழுந்தார். நெஞ்சு நிறைய மூச்சு இழுத்தார். எனக்கு அந்த மூச்சு தெரியும். வாயைத் திறந்தவர் என்னைப் பார்த்தார். திரும்ப உட்கார்ந்து, தன் சட்டைக் காலரை இழுத்து வாய்க்குள் திணித்துக்கொண்டார்.

“அய்யோ, கோச்சு சட்டையத் திங்குகாரு!” என்றாள் டெல்பின் அக்கா. ஆட்டம் அப்படியே நின்றுவிட்டது, எங்கள் பக்கம் மட்டும்.

யாராவது சொல்ல வேண்டும். அப்பாவின் வாயில் காலர். மேடத்துக்கு ஒன்றும் தெரியாது. பெஞ்சில் இருந்த மூன்று பேரும் அழத் தயாராக இருந்தார்கள். நான் எழுந்தது எனக்கே தெரியவில்லை.

“அப்பாக்கு ஒண்ணும் இல்ல! நல்லாத்தான் இருக்காரு! இன்னைக்கி கத்த மாட்டாரு, அவ்வளவுதான்! ஆன்சி, பந்தப் பாருட்டி!”

லைன்ஸ்மேன் கழுத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். காலிறுதியில் கடலை பட்ட அதே ஆள். குருசடியில் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள். கடலில் ஒரு வள்ளத்தில் யாரோ எழுந்து நின்று கையை ஆட்டினார். அது அப்பாவின் சத்தம். என் வாயிலிருந்து வந்தது. கூட்டத்தில் அம்மா, “மாதாவே, இதுவுமா!” என்றது தெளிவாகக் கேட்டது.

உடனே உட்கார்ந்து ஐஸ் பெட்டிக்குள் முகத்தை வைத்துக்கொண்டேன். அதனால் ஆன்சியின் கோலை நான் பார்க்கவில்லை. சத்தம்தான் கேட்டது. மூன்று பேரைத் தாண்டிப் போனாள் என்றார்கள். முகத்தை எடுத்தபோது மேடம் பேனாவைத் திறந்து வேகமாக எழுதிக்கொண்டிருந்தார். இடைவேளையில் போகவில்லை. அந்த இன்னொரு ஆட்டம் என்ன ஆனதோ.

கடைசியில் இரண்டுக்கு ஒன்று என்று தோற்றோம். கோப்பையைப் பக்கத்து ஊர்க்காரர்கள் வள்ளத்தில் வைத்துக் கொண்டுபோனார்கள். புதன்கிழமை மார்க்‌ஷீட்டோடு கல்லூரிக்கு வரச்சொல்லி மேடம் ஆன்சியிடம் சொன்னார். ஆன்சி ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். முகத்தில் அயிலை வாடை அடிக்கிறது என்றாள். அவள் சித்தி தனியாகத்தான் ரயில் ஏற வேண்டும்.

தோற்றால் அப்பா வழக்கமாக அரைமணி நேரம் பேசுவார். இன்று பெண்கள் வரிசையாக நின்று காத்திருந்தார்கள். அவர் காலரை வாயிலிருந்து எடுத்து, “நல்லா ஆடினிய” என்றார். அவ்வளவுதான். டெல்பின் அக்கா என்னிடம் வந்து, நாளைக்காவது டாக்டரிடம் கூட்டிப் போ என்றாள்.

மே 19, திங்கள்

ஜெர்சி எல்லாம் ஊறப் போட்டேன். ஏழாம் நம்பர் காலரில் புதிதாக ஒன்றும் இல்லை. அப்பாவின் வெள்ளைச் சட்டையில்தான் இரண்டு பக்கமும் நைந்து தொங்குகிறது. மேல் பட்டனைக் காணோம். விழுங்கியிருப்பாரோ என்று அம்மாவுக்குக் கவலை.

அப்பா வலையை விட்டுவிட்டு வந்து தையல் மெஷினுக்குப் பக்கத்தில் நின்றார். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். எனக்கு! வேண்டாம் என்றேன். கத்தரிக்கோலை எடுத்துத் திரும்ப வைத்தார்.

“அந்த வாத்தியாரு இப்பவும் அங்கதான் இருக்காரா?”

“இல்லப்பா. மாறிப் போயிட்டாரு. போன வருசமே.”

“உனக்கு யாரு சொன்னா?”

நான் மெஷின் சக்கரத்தைச் சுற்றினேன். அப்பா காதிலிருந்த நீல நூலை எடுத்து மெஷின்மேல் வைத்துவிட்டுப் போனார்.

சட்டையைத் துவைத்து வெயிலில் போட்டேன். காய்ந்ததும் காலரைப் பிரித்து, கடிபட்ட பக்கம் உள்ளே போகும்படி திருப்பி வைத்துத் தைத்தேன். வெள்ளை நூல் அதோடு தீர்ந்துபோனது. அந்த நீல நூலாலேயே வேறொரு பட்டனைக் கட்டினேன். பிறகு, பள்ளிக்கூடத்தில் மறுபடி சேர்ப்பார்களா என்று கேட்க நாளை எட்டேகால் பஸ்ஸில் நான் போக வேண்டும் என்று அம்மாவிடம் சொன்னேன்.